விடையை மறுநாள் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போட்டித் தேர்வுக்கென்று நீங்கள் வெளியிடும் வினா-விடைப் பக்கத்தை ஐந்தாறு வருடங்களாக வெட்டி நோட்டில் ஒட்டி வந்தவள் நான். அதில் ஒரு குறை. கேள்விக்கு அடியிலேயே விடையையும் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறீர்கள். ‘பட்டினப்பாலையை இயற்றியவர் யார்?’ என்று படிக்கும்போதே கீழே உருத்திரங்கண்ணனார் வந்து நிற்கிறார். ‘அட, இது தெரியுமே’ என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். தெரியாது என்பது தேர்வறையில்தான் தெரிகிறது.

பட்டுத்தான் சொல்கிறேன். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை 2019இலும் 2022இலும் எழுதித் தோற்றேன். படிக்காமல் தோற்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ், சமூக அறிவியல் புத்தகங்களை நான்கு முறை முடித்திருந்தேன். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று ஹைலைட்டர் அடித்து அடித்து, கடைசியில் அடிக்காத வரிதான் பளிச்சென்று தெரிந்தது. போன பயிற்சி மையத்திலும் “இன்னொரு ரிவிஷன் போடுங்க” என்றார்களே தவிர, புத்தகத்தை மூடு என்று யாரும் சொல்லவில்லை.

மூடவைத்தவன் என் மகன். அப்போது இரண்டாம் வகுப்பு. ராத்திரி கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருக்கும்போது புத்தகத்தை அவன் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிக் கேட்பான். “சிறு-பா-ணாற்றுப்படை யாரும்மா?” தொண்டை வரை வரும், வெளியே வராது. “தெரியலையா, தெரியலையா” என்று குதிப்பான். நான்கு முறை வண்ணம் அடித்தும் தங்காத நத்தத்தனார், அந்த வெட்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அதன் பிறகு ஒரு ‘தப்பு நோட்டு’ போட்டேன். சரியாகச் சொன்னதற்கு அதில் இடமில்லை. எதைத் தப்பாகச் சொன்னேன், எதோடு குழப்பினேன், அவ்வளவுதான். அரசியலமைப்புச் சட்டத்தில், நீதிப்பேராணை (ரிட்) கேட்டு உச்ச நீதிமன்றம் போவது பிரிவு 32, உயர் நீதிமன்றம் என்றால் 226. இந்த இரண்டும் எனக்கு மாதக்கணக்கில் இடம் மாறிக்கொண்டே இருந்தன. மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை பார்க்காமல் சொல்லிவிட்டால் கோடு போட்டு அடித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாள். 200 கேள்விக்கு 3 மணி நேரம் என்றால் ஒன்றுக்கு 54 விநாடி. கூட்டுவட்டிக் கணக்கு ஒன்றில் ஐந்து நிமிடம் பிடிவாதமாக உட்கார்ந்துவிடுகிற ஆள் நான் என்பதே அடுப்படிக் கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதியபோதுதான் தெரிந்தது.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். என் மகன் சொல்லாமலே செய்துவிட்டான்.

2024இல் தேறினேன். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தினமும் 14 மணி நேரம் படித்ததாகப் பேட்டி கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம், அதிலும் பாதி கிரைண்டர் சத்தத்தில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடைகளை மறுநாள் இதழில் போடுங்கள். முடியாதென்றால் பக்கத்தின் அடியில் தலைகீழாகவாவது அச்சிடுங்கள். குறுக்கெழுத்துப் புதிருக்கு அப்படிச் செய்வதுண்டே. பேப்பரைத் திருப்புகிற நேரத்தில் ஒரு தடவையாவது யோசித்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உசிலம்பட்டி