சார்ஜரைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டாய்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று தொலைபேசியில் பேசி முடிக்கும் தறுவாயில், மடிக்கணினியை நாள் முழுவதும் சார்ஜரிலேயே போட்டு வைத்தால் பேட்டரி கெட்டுப்போகுமா என்று கேட்டாய். நூறு சதவீதம் ஆனதும் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு நண்பரும், கழற்றவே வேண்டாம் என்று இன்னொருவரும் சொல்ல, நீ இடையில் அகப்பட்டுக்கொண்டு மணிக்கொருமுறை பிளக்கைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறாய். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முப்பது ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளிடம் கேட்டுவிட்டாய். ஒரு வரியில் பதில் வராது, பொறுத்துக்கொள்.

முதலில் ஓர் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழிவதைப் போல, நிறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. உன் மடிக்கணினியின் பேட்டரியில் இருப்பது லித்தியம் அயனி செல். அதன் மின்னழுத்தம் அதற்குரிய உச்சத்தை, பெரும்பாலான வகைகளில் 4.2 வோல்ட்டை, எட்டி, உள்ளே செல்லும் மின்னோட்டமும் மிகச் சிறிதாகக் குறைந்தவுடன், கட்டுப்பாட்டுச் சுற்று மின்னேற்றத்தை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு கணினி தனக்கு வேண்டிய மின்சாரத்தை அடாப்டரிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. பேட்டரி சும்மா இருக்கிறது. அடாப்டரின் திறனை மீறும் கனமான வேலை கொடுக்கும்போது மட்டும் சில கணினிகள் பேட்டரியிலிருந்தும் கொஞ்சம் கடன் வாங்கும். ஆகவே ஓவர்சார்ஜ் என்ற கவலையை விட்டுவிடு.

ஆனால் அந்தச் சும்மா இருத்தல் எந்த நிலையில் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 1970களில் விட்டிங்காம் என்ற விஞ்ஞானி உருவாக்கிய லித்தியம் பேட்டரி இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் தந்தது. 1980இல் குடனஃப் கோபால்ட் ஆக்ஸைடைப் பயன்படுத்தி அதை நான்கு வோல்ட் வரை உயர்த்தினார். யோஷினோ எதிர்மின்முனையில் கார்பன் பொருளை வைத்து அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும்படி செய்தார். 1991இல் அது விற்பனைக்கு வந்தது. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். இத்தனை சிறிய பெட்டிக்குள் இத்தனை ஆற்றலை அடைக்க உதவிய அதே உயர்ந்த மின்னழுத்தம்தான் பேட்டரியை உள்ளிருந்து அரிக்கவும் செய்கிறது. முழுமையாகச் சார்ஜ் ஆன செல்லில் நேர்மின்முனை, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் மின்பகுளியை, அதாவது லித்தியம் அயனிகள் கடந்து செல்லும் திரவத்தை, சிறிது சிறிதாக ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. மறுபக்கம், எதிர்மின்முனையில் இருக்கும் கிராஃபைட் என்ற கார்பனின் மேல் முதல் சார்ஜின்போதே ஒரு மெல்லிய படலம் உருவாகியிருக்கும். அது கிராஃபைட்டைக் காக்கும் கவசம்தான் என்றாலும், காலப்போக்கில் தடித்துக்கொண்டே போய், ஆற்றலைச் சுமக்க வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீ கணினியைத் தொடாவிட்டாலும் இவை நடக்கும்; செல் நிறைந்திருந்தால் விரைவாக நடக்கும்; சூடாகவும் இருந்தால் இன்னும் விரைவாக.

எவ்வளவு விரைவாக என்று கேட்பாய். பரவலாக எடுத்தாளப்படும் ஒரு மதிப்பீட்டின்படி, 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 40 சதவீதச் சார்ஜுடன் ஓராண்டு வைத்த செல்லிடம் அதன் கொள்ளளவில் சுமார் 96 சதவீதம் எஞ்சும். அதே வெப்பநிலையில் முழுச் சார்ஜுடன் வைத்தால் 80. வெப்பநிலை 40 பாகையானால் முந்தையது 85 ஆகவும், பிந்தையது 65 ஆகவும் இறங்கிவிடும். செல்லின் வகைக்கேற்ப இவை மாறும் என்றாலும், நிறைவும் சூடும் கைகோத்தால் என்ன ஆகும் என்பது இதில் தெரிகிறது. குற்றவாளி வயர் அல்ல.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் பழைய மடிக்கணினியை மூன்று ஆண்டுகள் மேசையிலேயே, சார்ஜரைக் கழற்றாமல், காற்றுத் துளைகள் அடைபடும்படி ஒரு கனத்த துணி விரிப்பின் மேல் வைத்திருந்தேன். ஒரு நாள் டச்பேட் அழுத்த மறுத்தது. அதைப் பழுது என்று எண்ணித் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். உண்மையில் உள்ளே பேட்டரி வாயுவால் உப்பி அதைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. வேதியியல் படித்தவளுக்கு வந்த புத்தியைப் பார்! உன் கணினியில் எப்போதாவது டச்பேட் மேலெழுந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் போனாலோ, உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பழுதுபார்ப்பவரிடம் கொடு. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும்.

அப்பாவின் யோசனையைக் கேட்காதே. பூஜ்யம் வரை இறக்கிவிட்டு ஏற்றினால்தான் பேட்டரிக்கு நல்லது என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியம் அயனிக்கு அது வேண்டாத தண்டனை. நீ மணிக்கொருமுறை கழற்றிச் செருகுவதிலும் லாபம் குறைவுதான், ஏனென்றால் ஒவ்வொரு இறக்கமும் ஏற்றமும் சேர்ந்து, பேட்டரியின் ஆயுளை அளக்கும் சுற்றுக்கணக்கில் ஏறுகிறது. இன்று பாதி, நாளை பாதி இறக்கி ஏற்றினால் ஒரு சுற்று. ஆப்பிள் தன் அண்மைக்கால மடிக்கணினிகளுக்கு 1000 சுற்று என்று கணக்குச் சொல்கிறது; மற்ற பலவற்றுக்கு அதைவிடக் குறைவு.

நீ செய்ய வேண்டியது, சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பைத் தேடி இயக்கிவிட்டு, சார்ஜரைச் செருகியபடியே வேலையைப் பார்ப்பதுதான். லெனோவோ, ஏசூஸ், டெல் போன்றவை தங்கள் மென்பொருளிலோ, கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் அமைப்பிலோ இதற்கு ஒரு தேர்வு வைத்திருக்கின்றன. சிலவற்றில் 60 சதவீதம்கூட உண்டு. பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் வரம்பை நீக்கி முழுதாக ஏற்றிக்கொள். அப்படியொரு தேர்வே உன் கணினியில் இல்லையென்றால், அது சூடாகாமல் பார்த்துக்கொண்டாலே பாதிக் கவலை தீரும்: கட்டில் மெத்தையின் மேல் வைத்து வேலை செய்யாதே, மூடிய பைக்குள் ஓடவிட்டு எடுத்துப் போகாதே. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் அணைத்து வை. நிறைத்து வைப்பதும் தவறு, காலியாக வைப்பது அதைவிடத் தவறு.

இவ்வளவு செய்தும் பேட்டரி தேயும். அதற்காக ஒவ்வொரு சதவீதத்தையும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். கணினி உனக்காகத்தான் வாங்கப்பட்டது. இப்போதைக்கு ஒன்று மட்டும் செய். விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுச் சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் எனக்கு எழுதி அனுப்பு. வகுத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா