ஓசோன் படலத்தைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். உங்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் வெயிலில் நடக்கும் ஒவ்வொரு நாளும் நான் உங்களுக்குக் கடன்பட்டவன்.

ஆகாயம் எல்லையற்றது, அதை மனிதன் என்ன செய்துவிட முடியும் என்றே தலைமுறை தலைமுறையாக நினைத்து வந்தோம். அந்த நம்பிக்கையை உடைத்தது குளோரோ ஃபுளோரோ கார்பன் என்னும் வாயு. தீப்பற்றாது, நஞ்சும் கிடையாது. குளிர்சாதனப் பெட்டி முதல் ஸ்பிரே டப்பா வரை அதை நிரப்பினோம். எதனோடும் வினைபுரியாத அதன் நற்குணமே வினையாக முடிந்தது. கீழே அழியாமல், சூரியனின் தீய புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கும் ஓசோன் படலம்வரை மேலே சென்று, அங்கே அந்தக் கதிர் பட்டு உடைந்து குளோரினை வெளிவிட்டது. ஒரு குளோரின் அணு ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது. 1974இல் இந்த ஆபத்தை எடுத்துச் சொன்ன வேதியியலாளர்கள் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவருக்கும் முதல் வணக்கம். தொழில்துறையின் எதிர்ப்பு கடுமையாக இருந்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. 1995இல் மற்றொரு ஓசோன் ஆய்வாளரான பால் குருட்சனோடு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, தாமதமானாலும் நியாயம் நடந்தது என்றே தோன்றுகிறது.

என் நன்றியில் பெரும்பங்கு அன்டார்க்டிகாவில் பிரிட்டன் நடத்தும் ஹாலி ஆய்வு நிலையத்தில் ஓசோனை அளந்தவர்களுக்கு. சூரிய ஒளியில் ஓசோன் அதிகம் விழுங்கும் கதிர் ஒன்றையும், குறைவாக விழுங்கும் கதிர் ஒன்றையும் டாப்சன் என்னும் ஓசோன் அளவைக் கருவியில் ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து அழுத்தினால் கிடைப்பது சுமார் மூன்று மில்லிமீட்டர்தான். அதுவே 300 டாப்சன் அலகு. 1950களில் தொடங்கி, பலன் என்னவென்று தெரியாமலே ஆண்டுக்கு ஆண்டு, ஆள் மாறி ஆள் அளந்தார்கள். அக்டோபர் மாத அளவு 300லிருந்து 200ஐ நெருங்கிச் சரிந்தது அந்தப் பொறுமையால்தான் கண்ணில் பட்டது. ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்ளின் மூவரும் 1985இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். மறு ஆண்டே அந்தப் பனிக்கண்டத்துக்குச் சென்று காரணத்தை ஆராய்ந்த சூசன் சாலமன் குழுவினருக்கும் நன்றி.

1987 செப்டம்பர் 16 அன்று, ஓசோனைச் சிதைக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அறிவியல் சான்றுகள் முழுமையாகத் திரண்டு முடியும்வரை காத்திராமல் நாடுகளை உடன்பட வைத்த, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அன்றைய தலைவர் முஸ்தஃபா தொல்பாவையும், ஏழை நாடுகள் மாறுவதற்கு 1990இல் நிதியம் அமைத்தவர்களையும் மறக்க முடியாது. அந்த நிதியம் இல்லையென்றால் ஒப்பந்தம் பணக்கார நாடுகளோடு நின்றிருக்கும் என்பது என் கருத்து.

சட்டம் வருவதற்கு முன்பே ஸ்பிரே டப்பாக்களை வாங்க மறுத்த சாதாரண மக்களே, உங்களுக்கும் நன்றி. அந்த வாயு அடைத்த, பழகிய இன்ஹேலரை விட்டுப் புதியதற்கு மாறிய ஆஸ்துமா நோயாளிகளே, மூச்சுக்கே திண்டாடும் நிலையிலும் நீங்கள் ஒத்துழைத்தீர்கள். குளிர்சாதன மெக்கானிக்குகளே, குழாயைத் திறந்து வாயுவைக் காற்றில் விடுவது நொடியில் முடியும் வேலை. அதை இயந்திரம் பொருத்தி உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்ப்பதற்கு நேரம் பிடிக்கும். யாரும் பார்க்காத இடத்திலும் அந்த நேரத்தைச் செலவழிப்பவர்கள் நீங்கள்.

படலம் தேறி வருகிறது. இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால், அன்டார்க்டிகாவின் மேல் ஏறக்குறைய 2066இல் அது 1980ஆம் ஆண்டு நிலையை எட்டும் என்று 2022ஆம் ஆண்டின் ஐ.நா. ஆதரவு பெற்ற அறிவியல் மதிப்பீடு சொல்கிறது. இடையில், தடைசெய்த வாயு ஒன்று மீண்டும் கசிவதை 2018இல் கண்டுபிடித்துச் சொன்னதும் காற்றை விடாமல் அளப்பவர்கள்தான். அதன்பின் அந்தக் கசிவு குறைந்தது. அவர்களுடைய நிலையங்களுக்கான நிதியில் கைவைக்க வேண்டாம் என்று எல்லா அரசுகளையும் இம்மடல் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்களால் பயன்பெற்றோரில் ஒருவன்