டாமினோ மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரிப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் ஆட்கள் நான்கு பேரிடம் போனில் சொல்லி அலுத்துவிட்டேன். இப்போது எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

ஜனவரியில் உங்கள் கொளத்தூர் கடையில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி வாங்கினேன், ஏறக்குறைய 190 லிட்டர். இதுதான் எனக்கு முதல் தொட்டி என்று அன்றே சொன்னேன். "தண்ணீர் பதமாகிற வரைக்கும் தாங்குகிற மீன்" என்று மூன்று டாமினோ டாம்சல் கொடுத்தீர்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு நகம் அளவுதான் இருந்தன. ஐந்து வாரம் கழித்து ஒரு ஜோடி கிளவுன் மீனும் ஒரு ஃபயர்ஃபிஷ்ஷும் கொடுத்தீர்கள். அதற்குள் பெரிய டாமினோ மற்ற இரண்டையும் அடித்தே கொன்றிருந்தது. அதையும் உங்கள் ஆளிடம் சொன்னேன். "ஒண்ணுதானே இருக்கு, இனி பிரச்சினை இல்லை" என்றார்.

முரட்டு மீனை முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன் இடமாக்கிக்கொள்ளும், சாதுவான மீனைத்தான் முதலில் விட வேண்டும், டாமினோ 14 சென்டிமீட்டர் வரை வளரும். தினமும் இதை விற்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதானே விற்றீர்கள்?

ஃபயர்ஃபிஷ் மூன்றாம் நாள் இரவு டாமினோவின் துரத்தலுக்குப் பயந்து வெளியே குதித்துவிட்டது. காலையில் ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. மூடி வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

போன் செய்தால் ஆளுக்கொரு யோசனை. கல்லை மாற்றி அடுக்கச் சொன்னார் ஒருவர். இரண்டு நாள் அமைதி, அப்புறம் பழையபடி. கண்ணாடி ஒட்டச் சொன்னார் இன்னொருவர். கொஞ்ச நேரம் தன் உருவத்தை முட்டிவிட்டு டாமினோ திரும்பவும் கிளவுனிடமே போனது. "மீன் கூடினால் கோபம் பிரிந்துவிடும்" என்று நான்கு குரோமிஸ் மீன் வாங்க வைத்தார் மூன்றாமவர். அதில் மூன்று செத்தன.

சனிக்கிழமை நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. டாமினோவைக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வோம் என்று போனில் ஒரு அம்மா சொன்னார்கள். மரியாதையாகப் பேசினார்கள், அவர்கள் மேல் குறை இல்லை. அதைப் பிடிக்கக் கற்களை எல்லாம் வெளியே எடுத்துத் தண்ணீரைப் பாதி இறக்கினேன். மூன்று மணி நேரம் ஆனது. தெர்மாகோல் பெட்டியில் வைத்துத் தாம்பரத்திலிருந்து வெயிலில் வண்டியில் வந்தேன், மகளும் கூட வந்தாள். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வித்த மீனை யார் திருப்பி எடுப்பாங்க? மீனுன்னா சண்டை போடத்தான் செய்யும். குழம்பு வெச்சுச் சாப்பிடுங்க" என்றார். ஒன்பது வயதுக் குழந்தை பக்கத்தில் நிற்கிறாள். வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அந்த ஆள் என் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மறுநாளே கிளவுன் ஜோடியில் பெரியது செத்தது. அதுதான் பெண். ஆண் இப்போது வால் கிழிந்து ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கிறது.

பில் 38,000 ரூபாய், நகல் இணைத்திருக்கிறேன். உப்பு, அலைச்சல், லீவு, நாங்கள் தூக்கம் கெட்டது எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாத நஷ்டம். இறந்த எல்லா மீன்களின் விலையும் எனக்குத் திரும்ப வேண்டும். டாமினோவை நீங்களே வந்து எடுத்துப்போக வேண்டும்.

உங்கள் கடை மேல் எனக்கு விரோதம் கிடையாது. நல்லபடியாக முடித்துக்கொள்ளத்தான் கேட்கிறேன். ஏழு நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம்கூட இல்லை, விசாரித்துவிட்டேன்.

டாமினோவைத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் தொட்டிக்குள்ளேயே தனியாக வைத்திருக்கிறேன். அதில் அதிக நாள் தாங்காது. ஆள் அனுப்புவதானால் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தாம்பரம் வாடிக்கையாளர்