உன் பெட்டி எப்போது முனகுகிறது?

அன்புள்ள கதிரேசா,

நலம். உன் கடிதமும் கூடவே அனுப்பிய ஒலிப்பதிவுகளும் வந்து சேர்ந்தன. கடிதத்தில் பாதி உன் முதுகுவலி, மீதிப் பாதி புதுக் கம்ப்யூட்டரின் முனகல். முதுகுக்கு என்னிடம் மருந்து இல்லை. மணிக்கணக்கில் குனிந்து ஸ்க்ரூ முடுக்கியதால் வந்ததென்றால் தானாகவே போய்விடும். முனகலைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. பாகம் பாகமாக வாங்கி நீயே சேர்த்து, கடைசியில் திரையும் வந்துவிட்டது என்று படித்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. முதல் தடவை ஆன் செய்தபோது ஃபேன்களெல்லாம் இரைந்துகொண்டிருக்க, திரை மட்டும் நெடுநேரம் கறுப்பாகவே நின்றதில் பயந்துபோனதாக எழுதியிருக்கிறாய். டிடிஆர்5 வகை ராம் (தற்காலிக நினைவகம்) புதிதாகப் போட்டால் அப்படித்தான். மதர்போர்டு அந்த ராமுக்கு ஒத்துவரும் நேரக்கணக்குகளைத் தானே சோதித்துப் பார்த்துப் பதிந்துகொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் ஆவதுண்டு. பொறுமையில்லாமல் நடுவில் பட்டனை அழுத்தி அணைப்பவர்கள்தான் அதிகம். நீ அணைக்காமல் காத்திருந்தாயே, பெரிய விஷயம்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுக் காதைக் கிட்டே வைத்து எங்கிருந்து வருகிறது என்று தேடியும் பிடிபடவில்லை என்கிறாய். பிடிபடாது. 140 ஹெர்ட்ஸ் முனகலின் அலை நீளம் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். உன் கேபினெட்டே அதில் பாதி உயரம்கூட இருக்காது. அதிர்வு தகட்டுக்குப் பரவி, தகடு முழுதும் சேர்ந்து பேச ஆரம்பித்துவிட்டால், எந்த மூலையில் காதை வைத்தாலும் அங்கிருந்து வருவது போலத்தான் இருக்கும். தகட்டைக் கழற்றினாலோ சத்தத்தின் குணமே மாறிவிடுகிறது. அதனால் தகட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, எப்போது வருகிறது என்று கவனி. ஆன் செய்தவுடனா, சூடு ஏறிய பிறகா? எதை மாற்றினால் அது மாறுகிறது? எங்கே என்பது அதற்குள்ளேயே வந்துவிடும்.

உன் முதல் பதிவை எடுத்துக்கொள்வோம். 'ஊ... ஊ...' என்று மெதுவாக எழுந்து அடங்கும் அந்த முனகல். போனில் ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. அதில் போட்டுப் பார்த்தேன். 140 ஹெர்ட்ஸ் அருகே ஒரு தடித்த கோடு, விட்டு விட்டு மங்கித் தெளிகிறது. உன் முன்பக்க ஃபேன்களில் ஏழு இறக்கைகள் என்று எழுதியிருந்தாய். பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், பார்த்த வேகம் ஒன்றுக்கு 1200, மற்றதற்கு 1190. நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் வினாடிக்கு 20. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு இறக்கைகள் வலைத்தகட்டைக் கடக்கின்றன. இருபது ஏழு நூற்று நாற்பது. மற்ற ஃபேனுக்கு அதே கணக்கில் 139க்குச் சற்றுக் குறைவாக வரும். வித்தியாசம் வினாடிக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம். உன் பதிவில் சத்தம் எழுந்து அடங்குவதும் அதே வேகத்தில்தான். நீ வயலின் கற்றவன், இதை உனக்கு விளக்கவே வேண்டாம். இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட சேர்ந்து, முழுதும் சேராமல் நிற்கும்போது ஓர் அலை ஓடுமே, அதுவேதான். எந்த ஃபேனும் கெட்டுப்போகவில்லை. இரண்டும் நல்ல ஃபேன்கள், சுருதி சேரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டையும், ஒரே இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளில் மாட்டினால் சரியாகுமா என்று கேட்பாய். ஆகாது. ஒரே சிக்னல் போனாலும் ஒவ்வொரு மோட்டாரும் தன் போக்கில்தான் சுற்றும். பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் பலர் விவரக்குறிப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். சுருதி சேர்க்கப் பார்க்காதே, பிரித்துவிடு. ஒன்றை 1200இல் விட்டு மற்றதை 900க்கு இறக்கிப் பார். ஒரு எச்சரிக்கை: 1030 பக்கம் நிறுத்தாதே. ஏழு இறக்கை ஃபேன் அந்த வேகத்தில் 120 ஹெர்ட்ஸ் தரும். உன் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது அதுவும் வினாடிக்கு 120. ஃபேன் ஃபேனோடு மோதியது போய், டிஸ்க்கோடு மோத ஆரம்பிக்கும்.

அப்படியும் லேசாக முனகினால், ஓடும்போதே பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார். சத்தம் குறைந்தால் தகடு அதிர்கிறது என்று அர்த்தம். ஹார்டு டிஸ்க்கை ரப்பர் வளையம் இல்லாமல் நேராகத் தகட்டில் முடுக்கியிருந்தால் அதை முதலில் கவனி. உள்ளே ஒட்டுவதற்கென்று விற்கும் நுரைத்தாள்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. காற்று போகிற வழியைச் சுருக்கிவிட்டால் ஃபேன் இன்னும் வேகமாக ஓடும், சத்தம் திரும்ப வந்துவிடும்.

இரண்டாவது பதிவு வேறு ஜாதி. உன் மகன் விளையாட்டைத் திறந்து மெனுவில் நிற்கும்போது மட்டும் 'கீய்ய்ங்' என்கிறது, ஆட்டம் தொடங்கியதும் தணிகிறது. கிராபிக்ஸ் கார்டு செத்துக்கொண்டிருக்கிறதோ என்று நீ பயப்படுகிறாய். அவன் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறான். இருவர் சொல்வதும் சரியில்லை, ஆனால் அவன் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறான். கார்டில் மின்னழுத்தத்தைச் சீராக்க வரிசையாகக் காயில்கள் (கம்பிச் சுருள்கள்) இருக்கும். அவற்றில் மின்சாரம் வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடப்படுகிறது. அது எந்தக் காதுக்கும் கேட்காது. ஆனால் மெனுவில் வரைய ஒன்றுமே இல்லாததால் கார்டு வினாடிக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் படங்களை வரைந்து தள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் மின்சாரம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிட, காயிலின் சுற்றுகள் அதோடு சேர்ந்து நடுங்குகின்றன. மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சில பீங்கான் கெபாசிட்டர்களும் இப்படிப் பாடும்.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. கார்டின் டிரைவர் மென்பொருள் அமைப்பில் போய் வினாடிக்கு 60 படம் என்று வரம்பு போடு. பிறகு 120, பிறகு 200. வரம்பை மாற்ற மாற்ற ஒலியின் சுருதியும் மாறினால் காயில்தான், சந்தேகமே வேண்டாம். ஃபேனாக இருந்தால் இந்த வரம்பை உடனுக்குடன் அது பின்தொடராது. மருந்தும் அதுவே. மானிட்டர் காட்டக்கூடிய அளவுக்கு வரம்பு போட்டுவிட்டால் மெனுவில் கத்துவது பெரும்பாலும் நின்றுவிடும். மின்சாரமும் மிச்சம். இந்தக் கீச்சு பழுதின் அறிகுறி அல்ல. ஆனால் காதைத் துளைத்தால் சகித்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டமும் இல்லை. சில விற்பனையாளர்கள் இதற்கே மாற்றிக் கொடுப்பதுண்டு. மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கேட்டுப் பார்.

இந்தக் கீச்சொலிக்கு மட்டும் 'எங்கே' என்ற கேள்வி பலிக்கும். 8000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் நாலு சென்டிமீட்டர்தான். ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து நகர்த்தினால் கார்டா, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியா என்று தெளிவாகத் தெரிந்துவிடும். நீ கேட்காதே, மகனைக் கேட்கச் சொல். கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் நான் காது பரிசோதனைக்குப் போய்வந்தேன். சாதாரணப் பரிசோதனையில் 8000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கிறார்கள். அதற்குள்ளேயே என் கோடு 4000க்கு மேல் சரிந்து கிடக்கிறது. பேத்தி காதைப் பொத்திக்கொள்ளும் சார்ஜர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. எனக்கு அது ஊமை. வயதோடு மேல் சுருதிகள்தான் முதலில் போகின்றன. நீயும் நானும் ஒரே வகுப்பு. உன்னுடையது என் காதைவிட நன்றாக இருக்கும் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

மூன்றாவதாக நீ எழுதியிருக்கும் 'டிக் டிக்'கைத்தான் நான் அலட்சியமாக விட மாட்டேன். பதிவில் சரியாக விழவில்லை. ஃபேன் வேகம் கூடும்போது டிக்கும் விரைவானால் ஏதோ கேபிள் இறக்கையில் உரசுகிறது. அணைத்துவிட்டு கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டு, தீர்ந்தது. அணைத்த பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் சூடான தகடு ஆறிச் சுருங்குகிறது. ஆன் செய்யும் அந்த நொடியில் ஒரே ஒரு 'டக்' என்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச். இதெல்லாம் ஒன்றுமில்லை.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து வந்தால்தான் யோசிக்க வேண்டும். ஃபைலைத் தேடும்போது கரகரப்பது அதன் தொழில். பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளில் சில, சும்மா இருக்கும்போதும் சில வினாடிகளுக்கு ஒரு தட்டு தட்டும். தகவலைப் படிக்கும் ஹெட் ஒரே தடத்தின் மேலேயே நிற்காமலிருக்கத் தயாரிப்பாளரே செய்த ஏற்பாடு அது. ஆனால் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப 'டக் டக் டக்' என்று அடித்து, அந்த நேரத்தில் கம்ப்யூட்டரும் உறைந்து நின்றால், வேறு எந்தச் சோதனையும் செய்யாதே. முக்கியமானதை முதலில் வேறிடத்துக்கு நகலெடு. அப்புறம், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் ரீஅலகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), பெண்டிங் செக்டார் (சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) என்ற இரண்டு எண்களைப் பார். புது டிஸ்க்கில் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புதிது என்பதால் கெடாது என்று நினைத்துவிடாதே. வாங்கிய கொஞ்ச நாளிலேயே போகும் டிஸ்க்குகளும் உண்டு. உன் பழைய போட்டோக்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன?

பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் 'வ்ர்ர்' என்று எகிறி உடனே தணிகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தாய். இப்போதைய பிராசசர்களின் சூடு ஒரு நொடியில் பத்து இருபது டிகிரி துள்ளும். ஃபேன் ஒவ்வொரு துள்ளலுக்கும் பின்னால் ஓடுகிறது. பயாஸில் ஃபேன் அமைப்பில் வேகம் ஏற, இறங்க எத்தனை வினாடி எடுக்கலாம் என்று ஓரிடம் இருக்கும். கொஞ்சம் கூட்டு. சூட்டுக்கேற்ற ஃபேன் வேகத்தைக் காட்டும் கோடு அங்கே இருக்கும், அதை 60 டிகிரி வரை சமமாகவே வைத்திரு. பின்பக்க ஃபேன் மட்டும் எப்போதும் ஒரே இரைச்சல் என்றால் அது மூன்று பின் ஃபேனா, அதாவது இணைப்பில் மூன்று ஊசி மட்டும் உள்ளதா என்று பார். மதர்போர்டு நாலு பின் முறையில் கட்டுப்படுத்தினால் மூன்று பின் ஃபேனுக்கு அந்தச் சிக்னலே போகாது, 12 வோல்ட்டில் முழு வேகம்தான் ஓடும். பயாஸில் டிசி முறைக்கு, அதாவது வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறைக்கு, மாற்றிவிடு.

வாட்டர் கூலருக்கு மாறினால் சத்தமே இருக்காது என்று மகன் ஆசை காட்டுகிறானாமே. மாறுவது உங்கள் இஷ்டம். அதிலும் பம்ப் ஒன்று ஓடும். உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும், ஆரம்பத்தில் 'களக் களக்' என்று கேட்கும். மாட்டினால் பம்ப் உச்சியில் இல்லாதபடி, சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரின் மேல்முனை அதைவிட உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காற்று மேலே போய்த் தங்கிவிடும். என்னைக் கேட்டால், இப்போதிருக்கும் கூலரே போதும். இருக்கிற சத்தத்தைத் தீர்க்காமல் புதுச் சத்தத்தை எதற்கு வாங்க வேண்டும்?

இரண்டு காரியம் மட்டும் செய்யாதே. ஓடும் ஃபேனைப் பேனாவால் நிறுத்திப் பார்க்காதே. அணைத்து, கேபிளைக் கழற்றி, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார். பிராசசர் ஃபேனைக் கழற்றவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸை என்ன சத்தம் வந்தாலும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் முன்னூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். சத்தம் அதிலிருந்துதான் என்று உறுதியானால் கொடுத்து மாற்று.

சண்முகம் பேசினான். ஓய்வு பெற்றுவிட்டானாம். பகலில் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றான். உன் கதையைச் சொன்னேன். தானும் ஒன்று சேர்க்கப் போகிறேன் என்று குதிக்கிறான். பாகங்களின் பட்டியலோடு உனக்குப் போன் வரும், தயாராக இரு. ஆள் அவசரக்காரன், கண்ணாடிப் பக்கமும் கலர் விளக்குமாகக் கேட்பான். காற்றுப் போகும் முன்பக்கம் உள்ள கேபினெட்டாக வாங்கச் சொல்.

முன்பக்க ஃபேன் ஒன்றின் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, போனை அதே இடத்தில் வைத்து, ஒரு நிமிடம் பதிந்து அனுப்பு. அந்த அலை போயிருந்தால் முதல் கணக்கு முடிந்தது. டிக் டிக்கைத் தனியாகப் பதிந்து அனுப்பு. போனைக் கேபினெட்டின் மேல் வைக்காதே, டிஸ்க் இருக்கும் பக்கம், ஒரு ஜாண் தள்ளி. ஆனால் நகலெடுத்த பிறகுதான்.

அன்புடன்,
நடராஜன்