அரிசி விற்கலாமா? மாப்ளைக்கு ஒரு கடிதம்

மன்னார்குடி,
ஆடி 18

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தார்கள், பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் வேலையில் உடனே எழுத முடியவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே?

சரி, அரிசி விஷயம். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, நம்ம ஊர்ப் பாரம்பரிய அரிசிகளான மாப்பிள்ளை சம்பாவையும் கருப்புக் கவுனியையும் ஆன்லைனில் விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அஞ்சு கிலோ 600 ரூபாய் என்று வை. அரிசி 350, பையும் பெட்டியும் 35, கூரியர் 150. 25 கிலோவுக்கு உட்பட்டு லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 29. மிச்சம் 36. பத்துப் பெட்டி விற்று, பதினோராவது திரும்பினால் கூரியர் போக வர 300. அதைப் பத்துக்கும் பிரித்தால் உன் கையில் நிற்பது ஆறு ரூபாய்.

பெட்டி திரும்பும் என்பதை நான் பட்டே சொல்கிறேன். போன வருஷம் கேஷ் ஆன் டெலிவரியில் ஒரு பெட்டி அனுப்பினேன். அங்கே வாங்கவில்லை, மூன்று வாரம் சுற்றிவிட்டு வந்தது. திண்ணையில் வைத்துப் பிரித்தேன். பை ஓரமெல்லாம் வண்டு, தவிட்டில் சிக்கு வாடை. கோழிக்குத்தான் போட்டேன். தவிடு போகாத அரிசியில் எண்ணெய் இருக்கிறது, அரைத்து நாள் கடந்தால் அது கெட்டுவிடும். நெல்லாக இருக்கும்வரை உமி காப்பாற்றும். அதனால் அறுவடையை நெல்லாகவே சாக்கில் வைத்து, ஆர்டருக்கு ஏற்ப மாதம் ஒருமுறை அரைப்பதுதான் வழி. ஆனால் இது தையில் ஒரே ஒரு முறை வரும் நெல். வருஷம் முழுக்க விற்க வேண்டியதற்கு அப்போதே பணம் போட்டு வைக்க வேண்டும். உன் பிஎஃப் பணம் முழுக்க அந்தச் சாக்குக்குள் போய்விடுமோ என்பதுதான் எனக்குக் கவலை.

பொரியும் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தாயே, அது வேண்டாம். 40-க்கு 30-க்கு 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால், கூரியர்காரர்கள் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து, எடை 4.8 கிலோ என்று கூலி போடுவார்கள். உள்ளே பொரி இரண்டு கிலோகூட இராது. காற்றுக்குக் கூலி கொடுக்கிற மாதிரி.

அப்புறம், வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அது பெரிய சிக்கல் இல்லை, ஆடிட்டர் முடித்துத் தருவார்.

இவ்வளவு சொன்னதால் நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் ஐயா கொடுத்த இரண்டு கிலோ விதையை விதைத்து, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தாரே உன் அப்பா, அந்த நெல்தான் இன்னும் உங்கள் வயலில் நிற்கிறது. எந்த வயல், யார் விதைத்தது என்று சொல்லி விற்க எல்லாராலும் முடியாது. உன்னால் முடியும். ஆனால் சொந்தக்காரனும் ஆபீஸ் நண்பனும் ஒரு தடவை பாசத்துக்கு வாங்குவான், அதை வியாபாரக் கணக்கில் சேர்க்காதே. உன்னைத் தெரியாத இருபது பேருக்கு, தள்ளுபடி இல்லாமல், பணம் முன்னாலேயே வாங்கிக்கொண்டு விற்றுப் பார். கவுனியை இரவே ஊறவைக்க வேண்டும் என்று எழுதி உள்ளே ஒரு சீட்டு போடு, இல்லாவிட்டால் வேகவில்லை என்பார்கள். அந்த இருபதில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் தாங்களாகவே கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதுவரை வேலையை விடாதே மாப்ளே. சம்பளம் வரும்போதே இதைச் செய்துபார்க்கலாம்.

என்னிடம் மாப்பிள்ளை சம்பா நெல் இரண்டு மூட்டை இருக்கிறது. சின்ன மில்லில் அதற்குக் குறைந்தால் அரைக்க மாட்டார்கள், இரண்டும் சரியாக இருக்கும். ஆவணி முதல் வாரம் வா, சேர்ந்து அரைத்துப் பை போடலாம். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன் அன்பு மாப்ளே