வாசிகசாலையின் பின்னேர ஆங்கில வாசிப்புக்கு உங்கள் பங்கைத் தாருங்கள்

வணக்கம். நீட்டி முழக்காமல் சொல்லிவிடுகிறோம், எங்களுக்குக் காசு தேவை. ஊர் வாசிகசாலையில் ஏழு மாதமாக நடக்கும் ஆங்கில வாசிப்பை இன்னும் ஒரு வருடம் கொண்டுபோக 238,000 ரூபா வேண்டும், கையில் இருப்பது 71,500.

இது ரியூசன் இல்லை, இலக்கண வகுப்பும் இல்லை. செவ்வாய், வியாழன், சனி பின்னேரங்களில் ஒருவர் ஆங்கிலக் கதையொன்றைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு கேட்பார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள், அவ்வளவுதான். இதற்குப் போய்க் காசா என்று நிர்வாகக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறோம்.

தமிழில் எழுத்துகளைப் பழகிவிட்டால் பொருள் விளங்காவிட்டாலும் வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது. ஓ, யூ, ஜீ, எச் என்று ஒரே மாதிரி முடியும் சொற்களைத் தோ, த்ரூ, டஃப், கொஃப் என்று நாலு விதமாகச் சொல்ல வேண்டும், அதற்கு விதி தேடப் போனால் விடிந்துவிடும். காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் தரம் 3 இலிருந்து ஆங்கிலம் படிக்கிறார்கள், கொப்பி கொப்பியாக எழுதுகிறார்கள், ஆனால் ஒரு முழுக் கதையை யாராவது வடிவாக வாசிக்கக் கேட்டவர்கள் எத்தனை பேர்? முதல் கிழமை எட்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் தீவு என்ற சொல்லை ‘ஐஸ்லாண்ட்’ என்று வாசித்தான். இத்தனைக்கும் தீவுப்பகுதியான ஊர்காவற்றுறையில் பிறந்தவன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஆனால் அவனில் பிழையில்லை. அந்த எஸ் அந்தச் சொல்லில் ஒருகாலமும் ஒலித்ததே இல்லை, இன்னொரு சொல்லின் சாயலைப் பார்த்து ஆங்கிலேயர்களே இடையில் செருகிவிட்ட எழுத்து அது. ‘ஐலண்ட்’ என்று வாசிக்க இரண்டு தரம் கேட்டான், மூன்றாம் பக்கத்தில் அதே சொல் வந்தபோது தானாகவே சரியாகச் சொன்னான்.

முறை ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்ததில்லை. கோயிலில் கந்தபுராண படனம் பார்த்திருப்பீர்கள், ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிக்க மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார், எழுத்தே தெரியாத கிழவிகள்கூடச் சூரன் கதையை ஒன்றும் விடாமல் சொல்வது அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். நாங்களும் ஒருவரை வாசிக்க விட்டு, இன்னொருவரைத் தமிழில் பயன் சொல்ல வைக்கிறோம். ஒரே புத்தகம் ஒரு கிழமை முழுக்க ஓடும். யாராவது பிழையாக வாசித்தால் வசனம் முடியும்வரை திருத்தக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறோம். அதை மீறுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ரீச்சர்மார்தான்.

1823 இல் வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தில் படிப்பித்த செமினரி என்ற உயர்கல்விக்கூடம் வந்தது, 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது என்று மேடைக்கு மேடை சொல்லுகிறோம். சரி, அந்தப் பெருமையை வைத்து இப்போது ஒரு பிள்ளையாவது வாய் திறந்து கதைக்குமா?

சனிக்கிழமை பெரியவர்களுக்கானது. ரொறன்ரோவில் பேரப்பிள்ளை இருக்கும் அம்மம்மா ஒருவர் வருகிறார், அந்தப் பிள்ளைக்குத் தமிழ் ஓடாது, இவருக்கு ஆங்கிலம் ஓடாது, வாட்ஸ்அப்பில் இருவரும் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்களாம். ஒரு தோட்டத்து முயலின் கதையை மூன்று கிழமை எங்களோடு வாசித்துவிட்டுப் போய்ப் பேரனுக்கு வாசித்துக் காட்டினார். அவன் நடுவில் மறித்து, ‘வெஜிடேபிள்’ இல்லை அம்மம்மா, ‘வெஜ்டபிள்’ என்று திருத்தினானாம். அதற்குப் பிறகு சந்தையில் மரக்கறி வாங்கும்போதும் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இனிக் கணக்கு. இப்போது நாலு பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம், கரையில் இருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது, விரல் வைத்து வாசிப்பதெல்லாம் அங்கே பேச்சளவில்தான். அதனால் 20 கதைப் புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் 6 பிரதி, ஒன்று சராசரி 900 ரூபாப்படி 108,000. செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் கழிவுக்கு வாங்கலாம் என்பதால்தான் இப்போது அவசரப்படுகிறோம். கறையான் ஏறாத இரும்பு அலுமாரிக்கு 46,000. இரண்டு மின்விசிறிக்கு 24,000, பங்குனி வெயிலில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒருமுறை இருந்து பார்த்தால் இதை ஏன் என்று கேட்கமாட்டீர்கள். வாசித்துத் தரும் தங்கச்சிக்கு மாதம் 5,000 ரூபாப்படி வருடத்துக்கு 60,000. அவர் கேட்கவில்லை, சும்மா வேலை வாங்குவது சரியில்லை என்று நாங்கள்தான் போட்டோம்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு விசயம், கோபிக்காமல் கேளுங்கள். தயவுசெய்து பழைய புத்தகங்களைப் பெட்டி கட்டி அனுப்பாதீர்கள். போன வருடம் வந்த இரண்டு பெட்டியில் விண்டோஸ் 98 கையேடும் கணக்கியல் புத்தகங்களும்தான் நிறைய இருந்தன, துறைமுகத்திலிருந்து எடுத்துவரக் கொடுத்த காசுக்கு இங்கேயே நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கியிருக்கலாம்.

500 ரூபா என்றாலும் வாங்குவோம், பற்றுச்சீட்டு உண்டு. வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பொருளாளரிடம் நேரில் கேட்டு வாங்குங்கள், வேறு யாராவது அனுப்பும் இலக்கத்துக்குப் போடவேண்டாம். வரவு செலவு மாதக் கடைசியில் வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படும். காசு தருவதற்கு முன் ஒருநாள் வந்து பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை வாருங்கள், நாலு மணிக்கு முன் வந்தால் கதிரை கிடைக்கும், பிந்தினால் பாய்தான்.

நிர்வாகக் குழு