சின்னதாகப் பார்த்து வாங்காதே, சரசு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சரசு,

செவிக் கருவி வாங்குவது பற்றிக் கேட்டு நீ எழுதிய கடிதமும், அதோடு வைத்திருந்த ஆடியோகிராம் என்ற செவிச் சோதனை வரைபடத்தின் நகலும் கிடைத்தன. பேரன் பிறந்த செய்தி கேட்டு மனம் குளிர்ந்தது. மகளுக்குப் பத்தியச் சமையல் முழுதும் நீதான் என்று எழுதியிருந்தாய். அந்த வேலையில் உன் காதைத் தள்ளிப்போட்டுவிடாதே.

இங்கே நாம் ஓடித் திரிந்த லயன் வீடுகளில் பாதியை இடித்துவிட்டார்கள். ரப்பர்ப் பால் மரக் காடு செம்பனை ஆனது உனக்குத் தெரியும். இப்போது அதன் ஒரு பக்கத்தில் செம்பனையும் போய், புதுக் குடியிருப்பாகத் தாமான் எழும்புகிறது. மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்துக்கு இந்த வருடமும் போனேன். முன்பெல்லாம் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வருவேன், கணக்கு வாசித்தால் பாதி புரியாது. இந்தத் தடவை அன்னதானச் செலவைப் பற்றி எழுந்து நின்று கேள்வியே கேட்டேன். செவிக் கருவி போட்ட பிறகு எனக்குக் கிடைத்ததில் பெரியது இதுதான்.

உன் ஆடியோகிராமை எடுத்துக்கொள்வோம். வட்டம் வலது காது, பெருக்கல் குறி இடது காது. தாளின் இடப்பக்கம் தாழ்ந்த ஓசை, வலப்பக்கம் போகப் போக உச்ச ஓசை. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைகிறது என்று பொருள். உன் கோடு 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் பக்கம் தொடங்கி 4000 ஹெர்ட்ஸுக்குப் போகும்போது 60-க்கு இறங்கிவிடுகிறது. "சத்தம் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை" என்று எழுதியிருந்தாயே, காரணம் அங்கேதான் இருக்கிறது. ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த ஓசையில் இருக்கிறது, அது உனக்கு வந்துவிடுகிறது. ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் உச்ச ஓசை, அது நழுவிவிடுகிறது. உன் மருமகள் வாய்க்குள் பேசுகிறாள் என்று வருத்தப்பட்டிருந்தாய். அவள் சரியாகத்தான் பேசுவாள், சரசு. மென்மையான பெண் குரலும் குழந்தைக் குரலும்தான் இப்படிப்பட்ட காதுக்கு முதலில் சிரமமாகும்.

என் கோடும் இதே மாதிரிதான், ஆனால் 4000-இல் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அது ரப்பர் ஆலை கொடுத்தது. ரப்பரைத் தாளாக அழுத்தும் கிரேப் மிஷின் பக்கத்தில் அத்தனை வருடம் நின்றோம், காதுக்கு ஒரு பஞ்சுகூடக் கொடுத்தவர் இல்லை. உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி போன்ற செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. செம்பனை ஆலையில் வேலை செய்யும் என் தம்பி மகனுக்கு இப்போது காதடைப்பான் கொடுக்கிறார்கள், வருடா வருடம் செவிச் சோதனையும் உண்டு. 2019-இல் வந்த விதிப்படி நாள் முழுக்கச் சேரும் சத்தம் 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. அவன் அடைப்பானைக் கழற்றி வைத்தால் நான் விடுவதில்லை. உன் வீட்டுக்காரரும் ஆலையில்தானே இருந்தார்? அவருக்கும் சோதனை செய்யச் சொல். வேலையால் வந்த செவிட்டுத்தன்மை தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பட்டியலில் இருக்கும் நோய்.

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன். காதுக்குள் போய் வெளியே தெரியாமல் இருக்கும் சின்னக் கருவிதான் வேண்டும் என்கிறாய். வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தச் சின்னக் கருவியின் பேட்டரி மிளகு அளவுக்குச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதை வாரம் ஒருமுறையோ இருமுறையோ மாற்றவேண்டும். காதின் உள்ளே ஈரமும் குறும்பியும் சேர்ந்து அடிக்கடி அடைத்துக்கொள்ளும். காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியாகக் காதுக்குள் ஒலி தரும் வகை உன் மாதிரிக் காதுக்கு நன்றாகவே பொருந்தும். காதை முழுதாக அடைக்காததால் உன் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதும் குறையும். சார்ஜ் போடும் வகையாக இருந்தால் விரலுக்கு இன்னும் சுலபம். ராத்திரி பெட்டியில் வைத்தால் போதும், காலையில் தயார். உள்ளிருக்கும் பேட்டரி சில வருடங்களில் பலம் குறையும், மாற்ற என்ன செலவு என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள். முடியை இறக்கி வாரினால் பின்னால் இருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தால்தான் என்ன? கண்ணாடி போட்டபோது நாம் யாரிடமும் மறைக்கவில்லையே.

ஒரு காதுக்கு மட்டும் வாங்கினால் போதுமா என்றும் கேட்டிருந்தாய். உனக்கு இரண்டு காதும் ஒரே அளவில் குறைந்திருக்கிறது, அதனால் இரண்டுக்கும் போடு. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான். கிள்ளானில் நீ சாலையைக் கடக்கிறவள். கூட்டத்தில் ஒரு பேச்சைப் பிரித்துக் கேட்பதற்கும் இரண்டு வேண்டும்.

மகள் இணையத்தில் மலிவாகப் பார்த்திருக்கிறாள் என்றாய். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மகன் அப்படித்தான் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அது வெறும் ஒலிபெருக்கி. அவருக்கு நன்றாகக் கேட்கும் ஓசையையும் சேர்த்து உயர்த்தியது. பாத்திரச் சத்தமும் மோட்டார் சத்தமும் மண்டைக்குள் இடித்தன, பேச்சு மட்டும் தெளியவில்லை. அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது நல்ல கருவியைச் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறார், எனக்கு மனசு ஆறவில்லை. உண்மையான கருவியை உன் கோட்டைப் பார்த்து, எந்த ஓசைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கூட்டி வைப்பார்கள்.

அதனால் முதலில் அரசாங்க மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போ. குறும்பி இருந்தால் அவர்களே எடுக்கட்டும், வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதே. ஒரு காது மட்டும் திடீரென்று குறைந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும், அதற்குக் கருவி மருந்தல்ல. அப்புறம் செவித்திறன் நிபுணரான ஆடியோலஜிஸ்டிடம் இரண்டு கேள்வி கேள்: சில வாரம் போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா? மெல்லிய குழாயைக் காதுக்குள் வைத்து, கருவி தரும் ஒலியை உள்ளேயே அளந்து பார்ப்பீர்களா? இந்த இரண்டாவதைச் செய்கிறவர்களிடம் வாங்குவது நல்லது. விலை, ஒன்றுக்கு ஆயிரம் வெள்ளி சொச்சத்திலிருந்து ஜோடி பத்தாயிரத்துக்கு மேலும் போகிறது. விலை கூடியதெல்லாம் உனக்குத் தேவைப்படாது. டாக்டர் உறுதிப்படுத்தினால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்குப் பதிந்துகொள். அட்டை இருந்தால் சமூகநல இலாகாவில் கருவிக்கு உதவி கேட்டு மனுப் போடலாம். மகள் வாங்கிக் கொடுத்தால், அட்டை உள்ள பெற்றோரின் உபகரணத்துக்கு அவளுடைய வரிக்குரிய வருமானத்தில் 6,000 வெள்ளி வரை கழிவும் உண்டு.

போட்ட முதல் நாள் பயந்துவிடாதே. ஐஸ்பெட்டியின் முனகல், பிளாஸ்டிக் பையின் சரசரப்பு, தகரக் கூரையில் மழை எல்லாம் ஒன்றாக வந்து விழும். வருடக்கணக்காக மூளைக்கு வராத ஓசைகள் இவை. எது தேவை, எது தேவையில்லை என்று அது மறுபடி பழகவேண்டும். வீட்டுக்குள் ஒருவரோடு பேசுவதில் தொடங்கு, தினமும் கொஞ்சம் சத்தமாகப் பேப்பர் வாசி. பேரனிடம் பேசிக்கொண்டிரு, உன் குரல் உனக்குப் பழகும். கல்யாண மண்டபமும் பாசார் மாலாம் இரவுச் சந்தையும் பிறகு. ஆனால் நல்ல நாளைக்கு மட்டும் போடுவது என்று வைத்துக்கொண்டால் பழகவே பழகாது. எங்கே புரியவில்லை, யார் குரல் கூர்மையாக உறைத்தது என்று எழுதி வை. அதைக் காட்டினால்தான் ஆடியோலஜிஸ்ட் சரியாகத் திருத்துவார். என் கருவி எனக்குப் பொருந்தியது அப்படித் திரும்பத் திரும்பப் போய்த் திருத்திய பிறகுதான்.

நம் ஊர் ஈரம் கருவிக்குப் பகை. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பா ஒன்று வாங்கு. பேட்டரி போடும் வகையானால் இரவில் அதன் கதவைத் திறந்து அந்த டப்பாவில் வை. புதுப் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப் பட விட்டுப் பிறகு போடு, அந்தப் பேட்டரி காற்றில்தான் வேலை செய்கிறது. குளித்து, எண்ணெய் தேய்த்து, பவுடர் பூசி, பூ வைத்து, எல்லாம் முடிந்து கையைத் துடைத்த பிறகு கடைசியாகக் கருவி. எண்ணெயும் பவுடரும் மைக்கை அடைத்துவிடும். காதுக்குள் போகும் நுனியைக் காலையில் சின்ன பிரஷால் துடை, தண்ணீரில் நனைக்காதே. சத்தம் மங்கினால் பெரும்பாலும் குறும்பி வடிகட்டி அடைத்திருக்கும், அதை மாற்றக் கற்றுக்கொள். கீச்சென்று கத்தினால் சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி. பேட்டரி பேரன் கைக்கு எட்டக்கூடாது, விழுங்கினால் ஆபத்து. கருவியை நாய்க்கு எட்டும் இடத்திலும் வைக்காதே, அதன் மணத்துக்குக் கடித்துவிடும்.

இன்னொன்று. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2020 அறிக்கையிலும் 2024 அறிக்கையிலும், மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் கேள்திறன் குறைவையும் வைத்திருக்கிறது. கருவி போட்டால் மறதியே வராது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் காது கேட்காமல் பேச்சிலிருந்து ஒதுங்கி உட்கார்வதை நான் அனுபவித்திருக்கிறேன். நீ அப்படி உட்காரக்கூடாது.

மருத்துவமனைத் தேதி கிடைத்ததும் எழுது. மகளால் அன்றைக்கு வர முடியாவிட்டால் நான் முதல் நாளே பஸ் ஏறி வருகிறேன், டாக்டர் சொல்வதை இரண்டு பேருமாகக் கேட்டுக்கொள்ளலாம். கலாசாலையில் நம்மோடு படித்தவர்கள் கூடுவது பற்றியும் பேச்சு நடக்கிறது, நாள் முடிவானால் தெரிவிக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
லெட்சுமி